கொடிக்குக் கவாத்து

“கத்தரிக்கோலை நான் தொடவே இல்லை. கொடிக்கு முன்னால நின்னு ஒன்பது நாள் லெஃப்ட் ரைட் போட்டேன். பூத்துக் கொட்டிடுச்சு!”

சொல்லிவிட்டுக் கமாண்டர் மீசையை நீவிக்கொண்டார். போலீஸ் பயிற்சிப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; ‘கமாண்டர்’ என்பது தெரு வைத்த பட்டம். அவர் ‘அட்டென்ஷன்’ சொன்னால் மைதானத்துக்கு வெளியே போகிற பால்காரர்கூட சைக்கிளோடு விறைத்து நிற்பாராம், பாலும் தளும்பாதாம். இந்தத் தகவலுக்கு ஒரே சாட்சி கமாண்டர்தான்.

உர மூட்டையை இறக்கி வைத்த நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ சார்! போன தடவை வந்தப்போ, காகிதப்பூ இந்த வருஷம் பூக்கலைன்னு சொன்னீங்க, கவாத்து பண்ணுங்கன்னு சொன்னேன். கவாத்துன்னா கிளையை வெட்டி விடறது!”

“எங்க டிபார்ட்மென்ட்ல கவாத்துன்னா பரேடு. கொடிக்கு முன்னால கவாத்து செய்யறது எனக்கென்ன புதுசா? அப்போ கொடி கம்பத்துல பறந்துச்சு, இப்போ சுவர்ல படருது. அவ்வளவுதானே வித்தியாசம்?”

நர்சரிக்காரருக்குச் சிரிப்பு பீறிட்டது. ஆனால் சுவருக்கு நேர் எதிரே இருந்த படுக்கையறை ஜன்னல் கண்ணில் பட்டதும் அடங்கிவிட்டது. கமாண்டரின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தது ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வந்தபோது கமாண்டரே சொன்னார்: “எலும்பு ஒட்டிக்கிச்சு. கூடவே பயமும் ஒட்டிக்கிச்சு. எழுந்திருக்கவே மாட்டேங்கறா. இந்த மாசம் காலைத் தரையில வைக்கலைன்னா அப்புறம் என்னிக்குமே நடக்க முடியாதுங்கறார் டாக்டர்.” மைதானத்தையே அதிர வைத்த குரல் அன்றைக்குக் கொசு முனகுவதுபோல இருந்தது.

“அம்மாவுக்கு இப்போ எப்படி, சார்?”

“அது இருக்கட்டும். முதல்ல பூவைப் பாருங்க.”

பதில் வந்த வேகத்தில் நர்சரிக்காரர் மேற்கொண்டு கேட்கத் தயங்கினார்.

“முதல் நாள் கொடி சோம்பேறித்தனமா நின்னுச்சு. நாலாம் நாள் நுனி நிமிர்ந்துச்சு. ஏழாம் நாள் ‘அபவுட் டர்ன்’ போட்டேன் பாருங்க, பக்கத்து வீட்டுப் பூசணிக்கொடியே அந்தப் பக்கம் திரும்பிடுச்சு!”

“சார், பதினெட்டு வருஷமா செடி விக்கறேன். என் காதுல பூ சுத்தாதீங்க. அதுவும் காகிதப்பூ, முள்ளு குத்தும்.”

சொல்லிக்கொண்டே கொடியருகே போய் ஒரு கிளையைத் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“மாட்டிக்கிட்டீங்களா! கணுவுக்கு மேல, சாய்வா, சுத்தமான வெட்டு. வெட்டின இடத்துலதான் துளிர், துளிர்லதான் பூ. தொடவே இல்லைன்னீங்க?”

“தொடலை. மீசை மேல சத்தியம்.”

நர்சரிக்காரர் நிமிர்ந்தார். தோள் உயரம் வரைக்கும்தான் கொத்துக் கொத்தாகப் பூ. அதற்கு மேலே பேருக்கு ஒன்றுகூட இல்லை. முள்ளும் இலையுமாக மண்டிக் கிடந்தது. கமாண்டரோ ஆறடி. கையைத் தூக்கினால் சுவரின் உச்சி எட்டும்.

“இது உங்க கைவேலை இல்லையே. வேற யார் சார் வெட்டினது?”

“நான்தான் தம்பி!”

பின்கட்டுப் படியில் ஊன்றுகோலை ஊன்றி, நிதானமாக இறங்கி வந்துகொண்டிருந்தார் கமாண்டரின் மனைவி. நர்சரிக்காரர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

“பின்னே என்ன பண்றது? விடிஞ்சா போதும், அரை டிராயரோட என் ஜன்னலுக்கு நேரா நின்னு லெஃப்ட் ரைட்டுன்னு ஒரே கத்தல். பக்கத்து மாடியில கூட்டம் கூடிச் சிரிக்குது. ‘கவாத்துன்னா வெட்டறதுங்க’ன்னு எட்டு நாள் படுத்துக்கிட்டே தொண்டை கிழிய சொன்னேன். காதுலயே வாங்கலை. ஒன்பதாம் நாள் எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! சுவரைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி வந்து, இந்த மனுஷனைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, எட்டின வரைக்கும் வெட்டித் தள்ளினேன்.”

“விடுங்கம்மா. போலீஸ்காரருக்குப் பரேடு கவாத்துதானே தெரியும்?”

“தெரியாதா? இருபத்தஞ்சு வருஷமா நான் இந்தக் கொடியைக் கவாத்து பண்றப்போ, பக்கத்துல குப்பைக் கூடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே இவர்தானே! அன்னிக்கு இருந்த கோபத்துல எனக்கே அது உறைக்கலை.”

கமாண்டர் பூசணிக்கொடியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்சரிக்காரர் அவரையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“ஒத்துக்கறேன் சார். இந்தக் கொடி உங்க பரேடுலதான் பூத்திருக்கு.”