அண்ணன் பெயரில் இருந்த நம்பர்கள்

யூனுஸ் பாயின் மெயில் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது.

'நீ யாரென்று தெரியவில்லை' என்று கயிறு வாங்கும் மலேசியாக்காரர்களின் சர்வர் திருப்பி அனுப்பியிருந்தது. மரியாதையான இங்கிலீஷில்தான் சொல்லியிருந்தது. ஆனாலும் அரவிந்தனுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது.

உடனே பாயின் போன்.

"தம்பி, கயித்துக்கு வெல சொல்லி இன்னைக்குள்ள மெயில் போகலேன்னா அவன் வேற ஆளப் பாத்துருவான். முடியலேன்னா சொல்லிடுங்க. நான் உங்க அண்ணன்கிட்டயே திரும்பிப் போயிடுறேன். கோச்சுக்காதீங்க."

அதிராம்பட்டினத்திலிருந்து தேங்காய் நார்க் கயிறு ஏற்றுமதி செய்கிறவர். அண்ணனோடு சேர்ந்து நடத்திய மெயில் சர்வீஸை விட்டு அரவிந்தன் தனிக் கம்பெனி போட்டதும் அவனை நம்பி வந்த முதல் ஆள். அவர் போனால் மற்றவர்களும் பின்னாலேயே போய்விடுவார்கள்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று அரவிந்தனுக்குத் தெரியும்.

மெயில் அனுப்பும் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு நம்பர் உண்டு. பெயரைக் கேட்டால் அந்த நம்பர் வர வேண்டும். நம்பரைக் கேட்டால் அதே பெயர் வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் எதிராளி உள்ளே விடுவான்.

பெயருக்கு நம்பர் எழுதுவது அரவிந்தன் கையில் இருந்தது. நம்பருக்குப் பெயர் எழுதுவதைத்தான் ரிவர்ஸ் டிஎன்எஸ் என்பார்கள். அதன் சாவி அண்ணன் இளஞ்செழியனிடம்.

சித்திரையில் பாகம் பிரித்தார்கள். வாடிக்கையாளர்களைப் பிரித்தார்கள், கம்ப்யூட்டர்களைப் பிரித்தார்கள், வலங்கைமான் வயலையும் பிரித்தார்கள். மேல் வயல்காரனான அண்ணன் தம்பியின் கீழ் வயலுக்குத் தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கினார்கள்.

சர்வர் நம்பர்களுக்கு அப்படி எதையும் எழுத யாருக்கும் தோன்றவில்லை. அவை மொத்தமும் அண்ணன் பெயரிலேயே நின்றுவிட்டன.

பிரிந்த அன்று மத்தியானம் அரவிந்தன் தன் பங்குக்கு வந்த சர்வரின் நம்பரை லேப்டாப்பில் கேட்டுப் பார்த்தான். அது கூசாமல் அண்ணன் கம்பெனியின் பெயரைச் சொன்னது. லேப்டாப்பை மூடினவன்தான், அதற்கப்புறம் அதைக் கேட்கவே இல்லை. தன் பக்கத்தில் எழுத வேண்டியதையும் எழுதவில்லை. அங்கே மாறாமல் இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது?

எதிரில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த மனைவி பிரகதீஸ்வரி கேட்டாள்:

"உங்க அண்ணனுக்கு ஒரு போன் போட்டா கை தேஞ்சா போயிரும்?"

"நீ சும்மா இரு. நீயும் அண்ணியும், ஓரகத்தி ரெண்டு பேரும் சேந்துதான் எங்களப் பிரிச்சு விட்டீங்கன்னு ஊரே பேசுது. இப்ப சமாதானம் பண்ண வந்துட்டா."

"ஊரு பேசட்டும். பாய் போயிட்டா ஊரா வந்து சோறு போடும்?"



போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான் அண்ணன்.

"ம்."

அண்ணே என்று சொல்ல வாய் வரவில்லை. யாரோ ஆபீசரிடம் பேசுவதுபோல வந்தது.

"இல்ல... அந்த நம்பருக்குப் பேரு மாத்தணும். யூனுஸ் பாய் மெயில் போக மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் மனசு வச்சீங்கன்னா..."

 சரி, திட்டத்தான் போகிறான் என்று அரவிந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏன்டா, நம்பரக் கேட்டுப் பாத்தியா இல்லியா நீ?"

அரவிந்தன் லேப்டாப்பில் அந்த நம்பரைக் கேட்டான்.

திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அதில் அண்ணன் கம்பெனியின் பெயர் இல்லை.

'வெண்ணாறு' என்று இருந்தது. அரவிந்தனின் புதுக் கம்பெனி.

"நீ கெளம்பிப் போன அன்னிக்கு சாயங்காலமே மாத்திட்டேன்டா. தண்ணி வந்து ஒன் வரப்புல முட்டிக்கிட்டு நிக்குது. நீ வாமடையத் தொறக்காம என் மேல கோவமா உக்காந்திருந்தா பயிருக்கு எப்படிடா பாயும்?"

அரவிந்தன் தன் பக்கத்து வரியை எழுதினான். அவசரத்தில் நம்பரை ஒரு தடவை தப்பாக அடித்துத் திருத்தினான்.

பாயை மறுபடி அனுப்பிப் பார்க்கச் சொல்லிச் செய்தி போட்டான். அண்ணன் லைனிலேயே இருந்தான்.  அவனும் போனை வைக்கவில்லை.

பாயிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"போயிருச்சு தம்பி! பதிலும் வந்துருச்சு, சாம்பிள் அனுப்பச் சொல்றான்!"

அந்தப் பக்கத்தில் அண்ணன் சிரித்தான்.

"அண்ணே," என்றான் அரவிந்தன். "நாளைக்கு வயலுக்கு வரியா? அப்படியே இங்க சாப்பிட்டுட்டுப் போ."

"வரேன்டா."

போனை வைத்த பிறகும் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் உறைத்தது.

பிரிந்த அன்று அவன் கம்பெனிக்குப் போர்டும் கிடையாது, விசிட்டிங் கார்டும் கிடையாது. வண்டியில் வீடு திரும்பும்போது வெண்ணாற்றுப் பாலத்தின் மேல்தான் அந்தப் பெயரே தோன்றியது. அன்றைக்கு அதை ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னான், பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவளிடம்.

நிமிர்ந்து எதிரே பார்த்தான்.

பிரகதீஸ்வரி நிமிரவில்லை. கறை படிந்த விரல்களால் அடுத்த மடலை உரித்தாள்.

"உங்க அண்ணன அக்காவையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க," என்றாள். "நாங்களும் எத்தன நாளைக்குப் போன்லயே பேசிக்கிறது? வாழைப்பூ நெறையக் கெடக்கு."