காலியாக இருக்க வேண்டிய வரி

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. மனுவை வாபஸ் வாங்கிடு, வீட்டுக்குப் போயிடலாம்."

ரயில்வே குறைதீர்ப்பு அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பெரியவர் காலையிலிருந்து இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமா அலையறேன்பா. இன்னிக்குத்தான் உங்க கேட்ல இருந்த அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்திருக்காங்க. இப்பப் போய் வாபஸா?" என்றாள் மகள்.

மனு போட்டுப் போட்டு அவளுக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். பதில்தான் வராதே தவிர, 'மனு கிடைத்தது' என்ற ரசீது மட்டும் மணி அடித்தாற்போல் வந்துவிடும்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் அவர் ரயில்வே கேட்கீப்பர். ஒரு சாயங்காலம் கேட் திறந்து கிடக்கும்போதே ரயில் வந்துவிட்டது. தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்த ஒரு வேனில் இருந்த மூன்று பேர் செத்துப்போனார்கள். அவருக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே 'மூணு கொலை' என்றாகிவிட்டது. பெற்ற மகளுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

"நீங்க கண்ணை மூடறதுக்குள்ள அந்தப் பேரை அழிச்சாகணும்பா."

"என் பேரு எப்படி இருந்தா எனக்கென்னம்மா?"

"எனக்கு இருக்கே!"

உள்ளே கூப்பிட்டார்கள். அவளுக்குப் பின்னாலேயே அவரும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து வாசல் ஓரமாக நின்றார். மேஜைமேல் பழுப்பேறிய கேட் நோட்டு இருந்தது.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. கொஞ்சம் ஈரமுள்ள மனிதர்.

"கேட்டை மூடினப்புறம்தான், கேட்கீப்பருக்குன்னு கொடுத்திருக்கற நம்பர் சீட்டுல இருக்கற அடுத்த நம்பரைப் போன்ல ஸ்டேஷனுக்குச் சொல்லணும், நோட்டுலயும் எழுதணும். அந்த நம்பர் கிடைச்சாத்தான் அவங்க சிக்னல் போடலாம். அன்னிக்கு எங்கப்பா நம்பரே கொடுக்கல சார். ஸ்டேஷன்ல வாங்காமலே சிக்னலைப் போட்டுட்டு, பழியை இவர் தலையில கட்டிட்டாங்க. பாருங்க, அந்த வரி காலியாத்தான் இருக்கும்."

"மூடாமலே கொடுத்துட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டாரே?"

"மிரட்டி வாங்கியிருப்பாங்க சார். அவர் வாயில்லாப் பூச்சி."

"நீங்க அப்ப அங்க இருந்தீங்களா?"

"ஆறு வயசு சார் எனக்கு. காய்ச்சல்ல கேட் ரூம்ல தூங்கிட்டிருந்தேன்னு அப்பா சொல்வார்."

அதிகாரி அந்தத் தேதியைத் தேடிப் புரட்டினார். விரலால் வரி வரியாக இறங்கி வந்து நின்றார்.

"காலியா இல்லம்மா. நம்பர் எழுதியிருக்கு."

பதினோரு வருடம் வீணா? அப்பா உண்மையிலேயே அப்படிச் செய்துவிட்டாரா?

அதிகாரி விடவில்லை. முந்தைய பக்கங்களைப் புரட்டி ஒத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இருங்க, இருங்க. இது உங்கப்பா கையெழுத்தே இல்லை! அவர் வெளியே இருந்த நேரத்துல வேற யாரோ போனை எடுத்து நம்பர் கொடுத்திருக்காங்க. லைன்ல இருந்த இரைச்சல்ல ஸ்டேஷன்காரங்க குரலைக் கவனிச்சிருக்க மாட்டாங்க. இவரே ஒத்துக்கிட்டதால யாரும் நோட்டைத் திறந்துகூடப் பார்க்கல போல."

"சார்..." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"யார் எழுதினதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். உங்கப்பா மேல இருக்கற பழியை இன்னிக்கே நீக்கிடலாம். தெரிஞ்சவங்க கையெழுத்தான்னு பாருங்க."

நோட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"என் கையெழுத்துதாங்கய்யா அது!" பெரியவர் தடியைக்கூடப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அன்னிக்குக் கை நடுங்கிச்சு, அதான்... ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், மூடுங்க! அவகிட்ட காட்டாதீங்க!"

அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

கட்டத்தை மீறிக் கொட்டை கொட்டையாக இரண்டு எட்டுகள். எட்டு போட வராமல், ஒரு வட்டத்தின் தலையில் இன்னொரு வட்டத்தை உட்காரவைத்து, அதற்காக ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் தினமும் கொட்டு வாங்கியவள் அவள்தான்.