பதினொரு நாட்டு விருந்தாளிகள்

விருந்தாளிகள் குறை கேட்டால் ‘ஒரு குறையுமில்லைங்க’ என்றே சொல்ல வேண்டும் என்பது, ஓமலூர்ப் பக்கத்து அந்தச் சிற்றூரில் யாரும் எழுதிவைக்காமலே எல்லோரும் பணிந்து நடந்த சட்டம்.

சேலத்தில் நடந்த பன்னாட்டு வளர்ச்சிக் கொள்கை மாநாட்டில் மூன்று நாளும் அவ்வூர்க் குடிநீர்த் திட்டத்தைப் புகழ்ந்து களைத்த பதினொரு நாட்டுப் பிரதிநிதிகள், நான்காம் நாள் அதை நேரில் காண வந்திறங்கினார்கள். பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். அதைத் தமிழரின் வரவேற்பு மரபென்று எண்ணி, ஒருவர் நெகிழ்ந்து படமெடுத்துக்கொண்டார்.

முதலில் நின்ற முத்தாயம்மாள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் பாய்ந்தது. பிரதிநிதிகள் கைதட்டினார்கள்.

“திட்டம் நல்லா இருக்காம்மா?” என்று மலேசியப் பிரதிநிதி தமிழிலேயே கேட்டார்.

“அருமைங்க.” பேச்சு முடிவதற்குள் குடம் நிறைய வேண்டுமே என்பதுதான் அவள் கவலை.

“கொள்கையில ஏதாவது மாத்தணுமா?”

அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற அதிகாரி மணிமாறன், வேண்டாமென்று தலையசைத்துச் சாடை காட்டினார்.

முத்தாயம்மாள் நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“மாத்தோணுமுங்க சாமி. மாநாட்ட வாரத்துக்கு ரெண்டுவாட்டி வெச்சு, எல்லாருமா இங்க வந்து போனீங்கன்னாப் புண்ணியமாப் போகும். நீங்க வார அன்னைக்கு மட்டுந்தானுங்க இந்தக் கொழாய்ல தண்ணி வருது.”