தொரை தொப்பியைக் கழற்றும் வார்த்தை

ஊரே குடிமுழுகிக் கிடக்கிறபோது மதலேனம்மாளுக்கு மட்டும் புருசன் குழிக்கு இங்கிலீசில் கல்லு வேண்டுமாம். சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட் லயங்களில் அந்த வாரம் முழுக்க இதுதான் பேச்சு.

லயத்துக்குக் கீழே சரிவில் தொழிலாளிகளின் கல்லறை இருந்தது. கல்லறை என்று பேர்தான், கல்லு ஒன்றும் கிடையாது. காடு வெட்ட வந்து மலைக்காய்ச்சலில் போனவர்கள் முதல் போன மாதம் கண்ணை மூடியவர் வரை நாற்பத்தெட்டுக் குழிகள். மேலே மரச்சிலுவை, அதுவும் மழையில் உளுத்துப் போனது. ஆபீஸ் வரைபடத்தில் அந்த இடம் வெறும் தரிசு. மழை விட்டதும் அங்கே தேயிலை நடுவதென்று தொரை முடிவு செய்துவிட்டார்.

லயத்துப் பள்ளிக்கூட வாத்தியார் மத்தியாஸ் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கி மனுப் போட்டார். அவருடைய அம்மா அன்னாளும் அங்கேதானே கிடக்கிறாள். மனுவுக்குப் பதில் வரவில்லை. சர்வேக்காரர்கள் திங்கட்கிழமை அளக்க வருகிறார்கள் என்ற சேதிதான் வந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் மதலேனம்மாள் கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"வாத்தியார் தம்பி, மேல் டிவிசன்ல பழைய தொரையோட நாய்க்கு ஒரு கல்லு நிக்குதுல்ல. அதுல என்ன எழுதியிருக்கு?"

"அந்த நாயோட நினைவா வச்சதுன்னு எழுதியிருக்கு சித்தி."

"அதைச் சுத்தித்தான் தேயிலை நட்டிருக்காக. கல்லுகிட்ட ஒரு செடி அண்டல. அது மாதிரி எனக்கும் எழுதித் தாங்க."

மத்தியாசுக்குச் சுருக்கென்றது. நாற்பத்தேழு பேர் எக்கேடு கெட்டாலும் சரி, இவள் புருசன் மிக்கேல் மட்டும் தப்பித்தால் போதும், அப்படித்தானே? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து கிள்ளியவளிடம் முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

நினைவுக்கு மெமரி என்று சொல்லிக் கொடுத்தார். அது தொண்டைக்கே காணாது என்றாள். அப்படியானால் 'சேக்ரட் டு த மெமரி' என்று போடலாம், புனிதமான நினைவுக்கு என்று அர்த்தம் என்றார். மறுநாள் வந்து, முதன்முதல் காடு திருத்தியவனை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டாள். 'பயனியர்' என்றார். அடுத்த நாளும் வந்தாள். ஆளு போன பிறகும் அவன் உண்டாக்கினது நின்று நிலைக்கிறதே, அதற்கு என்ன வார்த்தை?

"லெகசி."

"லெகசி," என்று அவள் வெற்றிலை போல மென்று பார்த்தாள். "இதுல எதைப் படிச்சாத் தொரை தொப்பியைக் கழட்டுவாரு?"

"மூணையும் சேர்த்துப் போட்டாக் கழட்டுவாரு," என்று எரிச்சலோடு சொன்னார்.

சொன்ன கையோடு எழுதியும் கொடுத்தார். நாலே வரி. சேக்ரட் டு த மெமரி, அதன் கீழே மிக்கேல் பேர், பிறகு இந்த எஸ்டேட்டின் பயனியர், கடைசியில் லெகசி. எந்த வரியில் என்ன இருக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டுக்கொண்டாள்.

மதலேனம்மாள் காதில் கிடந்த தண்டட்டியை விற்றாள். அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்த மலைக்கு வரும் சென்னியப்பனைப் பிடித்துக் கல்லில் அதைச் செதுக்கச் சொன்னாள். அவனுக்கு எந்த எழுத்தும் தெரியாது. காகிதத்தைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு வளைவாகக் கொத்தினான். காது மூளியானாலும் பவிசு குறையவில்லை என்று லயத்துப் பெண்கள் நொடித்தார்கள். கல்லைத் தூக்க ஒரு கை கொடுங்கள் என்று கேட்டபோது ஒரு குஞ்சும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை சனம் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் அவளும் சென்னியப்பனுமே உருட்டிக்கொண்டு போய் நட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் தொரையும் சர்வேயரும் நிலம் அளக்கிற சங்கிலியோடு வந்தார்கள். அம்மா படுத்த இடத்தைக் கடைசியாக ஒருதரம் பார்த்துக்கொள்ளலாமென்று மத்தியாசும் பின்னாலேயே போனார்.

மிக்கேல் குழி நடுச்சரிவில் இருந்தது. அங்கே கல்லைக் காணோம். கல்லறைக்குள் நுழைகிற பாதையின் வாயிலேயே அது நின்றது. அதைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது.

தொரை நின்றார். குனிந்து படித்தார். கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றியது. பிறகு மத்தியாசைப் பார்த்து, பேரே இல்லையே, இது யாருடைய கல்லு என்று இங்கிலீசில் கேட்டார்.

மத்தியாஸ் அப்போதுதான் கவனித்தார். அவர் எழுதிக் கொடுத்த நாலு வரியில் மூன்றுதான் இருந்தது. பேர் இருக்க வேண்டிய இடம் வெறும் கல்லு.

"இங்க படுத்திருக்கிற அத்தனை பேருக்கும்னு சொல்லுங்க தம்பி," என்றாள் கூடையோடு நின்ற மதலேனம்மாள்.

சொன்னார். ஆபீசில் ரைட்டர் முன்னால்கூடத் தந்தியடிக்கிற அவருடைய இங்கிலீசு அன்றைக்குத் தங்குதடையில்லாமல் வந்தது. இந்த மலையில் முதல் மரத்தை வெட்டியவர்கள் இவர்கள், நீங்கள் நிற்கிற தோட்டம் இவர்கள் விட்டுப்போனது என்று தலை நிமிர்ந்து சொன்னார். சொல்லும்போதே பெருமையில் நெஞ்சு விம்மியது.

தொரை உளுத்த சிலுவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இங்கே அளக்க வேண்டாம், சங்கிலியைக் கீழே ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மத்தியாஸ் கல்லில் பேர் இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்தார். "சித்தப்பா பேரை நான் எழுதித்தானே தந்தேன். ஏன் சித்தி விட்டுட்டீங்க?"

அவள் கூடையைத் தலையில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"அவரு பேரைப் போட்டா அவரை மட்டுந்தானே விடுவாக. பக்கத்துலேயே உங்க அம்மா கிடக்காளே, தம்பி."