கட்டில் இறங்குகிறது

முதுகெலும்பு நொறுங்கிய பூங்காவனம், காந்த விசையில் இடுப்புயரத்தில் மிதக்கும் கட்டிலில் படுத்திருந்தாள். ஒரு குலுக்கல் பட்டாலும் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றிருந்தார் டாக்டர். கட்டிலைக் குளிர்வித்து மிதக்கவைக்கும் திரவ நைட்ரஜனில் பாதியை, எதிர்வீட்டு ரிசப்ஷனில் மணமக்கள் புகை நடுவே நடந்துவருவதற்காக நேற்றுத் தூக்கிக் கொடுத்திருந்தார் அவள் கணவர் தணிகாசலம். ஊருக்கே கர்ணன்!

இன்று காலை கட்டில் நாலு விரற்கடை இறங்கியிருந்தது.

"குளிர் பத்தல சார். கட்டிலத் தாங்கிப் பிடிச்சு உள்ள வரிசையா நிக்கிற காந்தக் கோடெல்லாம் உருக ஆரம்பிச்சிருச்சு," என்றான் போனில் கம்பெனிக்காரன். "முழுசா உருகினா தொப்புனு விழுந்துரும். நைட்ரஜன் லாரி சாயங்காலம்தான் வரும்."

ஐஸ் உருகினால் தண்ணீராவது மிஞ்சும். தலையணை, மெத்தை எல்லாவற்றையும் அடியில் அடுக்கியும் தலைப்பக்கம் ஒரு முழம் குறைந்தது. வீட்டில் சும்மா கிடந்த ஒரே சாமான் தணிகாசலம்தான். கட்டிலுக்கடியில் தவழ்ந்துபோய் முதுகைக் கொடுத்தார். மெல்ல மெல்லப் பாரம் முழுதும் இறங்கியது. மணி பத்து.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான் பூவு. சின்ன வேலை."

"எப்பப் பாத்தாலும் வேலை. கொஞ்ச நேரம் என் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்களேன். பயமா இருக்கு."

தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சாயங்காலம் உக்காரறேன் பூவு."