மூன்றாவது சரணம்

"கண்ணு தெரியாது, சரி. காதுமா கேட்காது?" என்றார் சபைச் செயலாளர்.

ஆராதனை முடிந்து சர்ச் கமிட்டி கூடியிருந்தது. எதிரே ஆர்கன்காரர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மடக்கிய கைத்தடி மடியில் கிடந்தது.

"ஞாயிறுதோறும் கடைசியாப் பாடுற பாட்டு. மெதுவாப் பாட வேண்டியது. மூணாவது சரணம் வந்தா போதும், இடி மாதிரி முழக்கறீங்க. எத்தனை தடவை சொல்றது?"

"கை அப்படிப் போயிடுதுங்க ஐயா."

"பாடறவங்களுக்கு அவங்க குரலே கேட்கலை."

ஆர்கன்காரர் தலைகுனிந்தார்.

கடைசி நாற்காலியிலிருந்து செயலாளரின் மகள் எழுந்தாள். பல்கலைக்கழகத்தில் படிப்பவள், கமிட்டியில் இளைஞர் பிரதிநிதி.

"கண்ணு தெரிஞ்சவர் இப்படி வாசிச்சா, என்ன உருக்கம்னு மெச்சியிருப்பீங்க. இவர் வாசிச்சா மட்டும் தப்பா, அப்பா?"

"வக்கீலம்மா ஆரம்பிச்சுட்டாங்க" என்று யாரோ முணுமுணுக்க, சிரிப்பு எழுந்தது.

செயலாளர் சிரிக்கவில்லை.

"ஆலயத்துல அமைதி வேணும். போன வருஷம் என் பையனை இங்கேருந்துதான் அடக்கத்துக்குத் தூக்கிட்டுப் போனோம். அன்னிக்கும் இதே பாட்டுதான். என் வீட்ல இதுவரைக்கும் ஒரு அழுகைச் சத்தம் கேட்டிருக்கா? அழக்கூடாதுன்னு சொன்னேன், அழலை. விசுவாசம்னா அது."

அதற்கு மேல் யார் பேசுவது? கைகள் உயர்ந்தன. அடுத்த ஞாயிறு முதல் வேறு ஆள்.

வாசலில் மகள் ஆர்கன்காரரை மறித்தாள்.

"உங்களுக்காக நான் ஒருத்தி தொண்டை கிழியக் கத்தறேன். நீங்க கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே அங்கிள். இதை விட்டா உங்களுக்கு வேற என்ன இருக்கு? ஒரு காரணம் சொல்லக்கூடாதா?"

"காரணம் இருக்கும்மா. சொல்ற உரிமை எனக்கில்லை."

கைத்தடியை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அந்த மனுஷனுக்கு ரோஷமே இல்லைம்மா. வாயைத் திறந்திருந்தா வேலை தப்பிச்சிருக்கும்."

அம்மாவின் கை நின்றது. கூடத்தில் அப்பா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அந்தச் சரணத்துலதான்டி உன் தம்பியோட பெட்டியைத் தூக்கினாங்க" என்றாள் மெல்லிய குரலில்.

மகள் குழாயை மூடினாள்.

"ஆர்கனை ஒட்டின முதல் பெஞ்சு நம்மளோடது. ஒரு ஞாயித்துக்கிழமை அடக்க முடியாம விசும்பிட்டேன். ஆர்கன்காரருக்குக் கேட்டுடுச்சு போல. சட்டுனு சத்தத்தைக் கூட்டினார். அன்னிலேருந்து எல்லா வாரமும், அந்த இடம் வந்தா கூட்டிடுவார். நான் பாட்டுப் புத்தகத்தால முகத்தை மூடிக்குவேன்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே எங்கே போய் அழுவேன்?"