பேராசிரியரின் ரத்தம்

"நம்ம ரத்தம் எப்படி? சுத்தம்தானே?" என்றார் பேராசிரியர் அடெக்பென்ரோ. வாயில் சுட்ட வாழைக்காய், கையில் சூடான வேர்க்கடலைப் பொட்டலம்.

நான் கணினித் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

மார்புப் புற்றுநோய் குடும்பத்தில் வழிவழியாக இறங்கிவரக் காரணமான மரபணுப் பிழையைத் தேடுவதுதான் இபாதான் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். ஆள் குறைந்தபோது பேராசிரியரே பெருந்தன்மையாகக் கையை நீட்டினார்.

குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். முன்பு அது அவர் பொறுப்பில் இருந்தது.

அப்போது ஒருநாள், நோயில்லாத ஒரு பெண்ணின் ரத்தத்தில் அந்தப் பிழையைக் கண்டேன். யாரென்று பார்த்துச் சொல்லிவிடலாம், முன்கூட்டியே தெரிந்தால் பிழைத்துக்கொள்வாள் என்று அவரிடம் கெஞ்சினேன்.

"சட்டம்னா சட்டம்தான் அரினோலா. நாம ஆராய்ச்சி பண்றோம், குறி சொல்லல."

போன மழைக்காலத்தில் என் தங்கை எவாதோமி மார்பில் கட்டியோடு வந்தாள். முற்றிப்போயிருந்தது. முன்பு ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க அவளைக் கூட்டிவந்தவளே நான்தான்.

அவளைப் புதைத்த பிறகு இந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது. முதல் வேலையாக அந்தப் பழைய எண்ணைத் தேடிப் பார்த்தேன்.

அவளுடையதுதான்.

"என்னம்மா, பேச்சையே காணோம்?" பேராசிரியர் இன்னும் மென்றுகொண்டிருந்தார்.

எழுந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டேன்.

"யாருக்கும் சொல்லக்கூடாது சார். சட்டம்னா சட்டம்தான்."

மெல்லுவது நின்றது.

"அப்ப ஏதோ இருக்கு."

நான் திரையை அணைத்தேன்.

"அரினோலா, எனக்கு மூணு பொண்ணும்மா."

எனக்கு இருந்தது ஒரே ஒரு தங்கை. மேசையில் அவர் வைத்துவிட்ட பொட்டலத்தை அவர் பக்கமே நகர்த்தினேன்.

"சாப்பிடுங்க சார், ஆறிடப் போகுது."

அவர் கை அதைத் தொடவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளிநாட்டுக்கு ரத்தம் அனுப்பிச் சோதித்துக்கொள்ளட்டும். பதில் வர வாரக்கணக்காகும். அதுவரை மகள்களின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சந்தேகம் அவரைத் தின்னட்டும். எனக்குள் பற்றிய நெருப்பு இன்னும் அணையவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் ரத்தத்தில், அந்த மரபணுவில், ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அதையும் நான் சொல்லக்கூடாது.